டிரெய்னியிடம் கவுன்சிலிங்: ஒரு கல்வியாண்டு முழுக்கத் தொடர்ந்தால் தெரிவது

பெரிய ஊர்களில் பல கவுன்சிலிங் மையங்கள் இரண்டு ஃபீஸ் வைத்திருக்கின்றன. மூத்த கவுன்சிலருக்கு ஒன்று, டிரெய்னிக்கு அதைவிட நன்றாகக் குறைந்த இன்னொன்று. போன் எடுப்பவர் "யார்கிட்ட போடட்டும்?" என்று கேட்டதும் பெரும்பாலானோர் பணத்தை வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டு செஷன் மட்டும் போகிறவர்களுக்கு அது போதும். எட்டு மாதம், பத்து மாதம் தொடர்கிறவர்கள் வேறு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். டிரெய்னியின் வேலையை யார் கேட்டுத் திருத்துகிறார், அதற்கு வாரம் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார், படிப்பு முடிந்து டிரெய்னி கிளம்பும்போது வந்துகொண்டிருப்பவரை யாரிடம் எப்படி ஒப்படைக்கிறார்கள். இந்த மூன்றும் ஒழுங்காக இருக்கும் மையத்தில் டிரெய்னியிடம் போவது மட்டமான தேர்வு அல்ல.

வயதும் அனுபவமும் கூடினால் கவுன்சிலிங்கும் தானாக நன்றாகும் என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம். 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,500க்கும் மேற்பட்டவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. அனுபவம் ஏற ஏறப் பலன் கூடவில்லை. சராசரியில் மிகச் சிறிய அளவு குறைந்துகூட இருந்தது. அனுபவசாலிகளிடம் பாதியில் நின்றுபோகிறவர்கள் மட்டும் குறைந்திருந்தார்கள். கதவை மூடிக்கொண்டு தனியாகவே செய்கிற இந்த வேலையில், யாராவது கேட்டுத் திருத்தாவிட்டால் கை பழகுமே தவிர, தவறு போகாது என்பது என் எண்ணம். டிரெய்னிக்குத் திருத்த ஆள் உண்டு. ஆனால் முதல் சில வாரங்களில் ஆளைத் தக்கவைத்துக்கொள்ளும் லாகவம் அவருக்கு இன்னும் வந்திருக்காது. பலமும் பலவீனமும் இந்த இரண்டு இடங்களில்தான்.

டிரெய்னி என்றால் யார் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் எம்.எஸ்ஸி. கவுன்சிலிங் சைக்காலஜி, எம்.எஸ்.டபிள்யூ., முதுநிலை டிப்ளமோ ஆகியவற்றின் மாணவர்கள். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டில் போட்டிருந்தால் அது வேறு தகுதி. அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் சொல்ல வேண்டிய எண்தான் அது, கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. பல வாரங்களாகத் தூக்கமே இல்லை, யாரோ பேசுவதுபோல் குரல் கேட்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்ன பிறகும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லாமல் செஷனை மட்டும் நீட்டிக்கொண்டே போகிற மையத்தில், டிரெய்னி ஆனாலும் மூத்தவர் ஆனாலும் தொடர வேண்டாம்.

முதல் சந்திப்பு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி வரை போகும். அதற்குப் பிறகு வழக்கமாக 50 நிமிடம். ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்து "சைன் பண்ணுங்க" என்பதோடு முடித்துவிட்டால் அது முதல் குறை. அதிலிருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: நான் மாணவி, என் சூப்பர்வைசர் இவர், நீங்கள் சொல்வதை அவரிடம் பேசுவேன், அவரைத் தவிர வெளியே போகாது. இரண்டு விதிவிலக்குகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது. குழந்தை மீது பாலியல் வன்முறை நடப்பது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். இதை ஐந்தாவது செஷனில், விஷயம் வெளியே வந்த பிறகு சொன்னால் நம்பிக்கை அங்கேயே உடைந்துவிடும்.

ரெக்கார்டிங் பற்றியும் அன்றே பேசிவிடுவது நல்லது. பயிற்சிக்கு ஆடியோ தேவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு எழுத்தில் தனிச் சம்மதம் வேண்டும், மையத்தின் கருவியில்தான் பதிய வேண்டும், சூப்பர்வைசர் கேட்டு முடித்ததும் அழிக்க வேண்டும். டிரெய்னியின் சொந்த போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்கு அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அங்கே ரெக்கார்டிங் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதனால் செஷனை மறுக்கக் கூடாது.

நம் ஊரில் இதைவிட அடிக்கடி சிக்கலாவது குடும்பம். அம்மா கூட வருவார், ஃபீஸ் அப்பா கட்டுவார், செஷன் முடிந்ததும் "என்ன சொன்னா பொண்ணு?" என்று வாசலிலேயே கேட்பார். மூத்தவர்கள் இதைச் சமாளிக்கப் பழகியவர்கள். இருபத்து மூன்று வயது டிரெய்னி, ஐம்பது வயது அப்பா முன்னால் தடுமாறி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார். வந்தவர் பதினெட்டு வயது தாண்டியவர் என்றால் அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூடச் சொல்லக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. நல்ல மையங்களில் இதற்கும் ஏற்பாடு உண்டு. குடும்பத்தோடு பேச வேண்டியிருந்தால் தனியாக ஒரு செஷன் போட்டு, சம்பந்தப்பட்டவரையும் உட்கார வைத்து, எதைப் பேசலாம் என்பதை அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்கள்.

முதல் இரண்டு மாதங்களில் டிரெய்னியிடம் உறுத்துவது பேச்சுதான். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் படித்தவர்கள். "அது உங்களை எப்படி உணர வைத்தது?" என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்கு என்ன பதில் சொல்வதென்று புரியாது. "அப்ப மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்டால் பதில் கொட்டும். "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "உடம்பெல்லாம் படபடன்னு வருது", "எதுலயும் ஒட்டல" என்றுதான் ஆட்கள் சொல்வார்கள். அதை உடனே 'ஆங்சைட்டி', 'டிப்ரஷன்' என்று மாற்றிச் சொல்கிற டிரெய்னி, அவர் சொன்னதில் பாதியைத் தொலைத்துவிடுகிறார். எந்த நேரத்தில் அடைக்கிறது, யார் வந்தால் அடைக்கிறது என்று அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறவர் சீக்கிரம் தேறிவிடுவார். வயதில் பெரியவர்கள் டிரெய்னியை "பாப்பா", "தம்பி" என்று கூப்பிடுவார்கள். அதைத் திருத்தவே தேவையில்லை. டிரெய்னி பதிலுக்கு "அம்மா", "சார்" என்று கூப்பிட்டு நேரத்தையும் எல்லையையும் மட்டும் சரியாகக் காத்தால் போதும்.

மற்ற தவறுகள் ஒரே மாதிரிதான் வரும். மௌனம் வந்தால் பயந்து அடுத்த கேள்வியைப் போட்டு அதை நிரப்புவார்கள். அழ ஆரம்பித்த உடனே டிஷ்யூவை நீட்டி அழுகையை நிறுத்திவிடுவார்கள். அந்த வாரம் வகுப்பில் படித்த உத்தியை அந்த வாரமே செய்து பார்ப்பார்கள்: ஒரு வாரம் மூச்சுப் பயிற்சி, அடுத்த வாரம் எண்ணங்களை எழுதும் தாள், அதற்கடுத்த வாரம் எதிரில் ஒருவர் இருப்பதாக நினைத்துக் காலி நாற்காலியோடு பேசுவது. போன வாரத் தாளைக் கேட்காமலேயே புதிய தாளைக் கொடுத்தால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் எழுதி வரச் சொன்னதை அடுத்த செஷனின் முதல் பத்து நிமிடத்தில் பார்க்காவிட்டால், மூன்றாவது வாரம் யாருமே எழுதி வர மாட்டார்கள்.

மூத்தவர்களிடம் வரும் குறைகள் வேறு. கதையின் பாதியிலேயே இது இன்னதுதான் என்று முடிவுக்கு வந்துவிடுவது, போன முறை சொன்ன தங்கையின் பெயரை மறந்துவிடுவது, ஒர்க்‌ஷாப் இருக்கிறது என்று தேதியைத் தள்ளிப்போடுவது. வாரா வாரம் வேண்டியவருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் நேரம் கிடைக்கும் என்றால், எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் பிடி நழுவிவிடும். டிரெய்னி செஷனுக்கு முன் ஃபைலைப் படித்துவிட்டு வருவார். நீண்ட காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

அளவுகோல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறாகப் பயன்படுவது அங்கேதான் அதிகம். பி.எச்.க்யூ-9 என்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 5, 10, 15, 20 என்ற படிகளில் மனச்சோர்வின் தீவிரத்தைப் பிரிப்பார்கள். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7, மொத்தம் 21. முதல் நாள் நிரப்பி வாங்கி ஃபைலில் செருகிவிட்டால் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. நான்கு வாரத்துக்கு ஒரு முறையாவது நிரப்பி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். 17இலிருந்து 15க்கு வந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஐந்து புள்ளி இறங்கினால் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது. ஆறு முதல் எட்டு செஷன் ஆகியும் அசைவே இல்லையென்றால் வழியை மாற்ற வேண்டும், அல்லது ஆளை மாற்ற வேண்டும்.

பி.எச்.க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே, அந்த அறையிலேயே நேராகக் கேட்க வேண்டும். டிரெய்னி மொத்தத்தைக் கூட்டிப் போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விடுவதுதான் மிக ஆபத்தான தவறு. சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி நினைப்பது எந்தக் காலத்திலும் குற்றமில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் 115ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. அப்போது செய்ய வேண்டியது அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டான்லி, பிரவுன் இருவரும் வகுத்த ஆறு படிப் பாதுகாப்புத் திட்டம்: நிலைமை மோசமாகப்போவதன் அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், தொழில்முறை உதவி, வீட்டைப் பாதுகாப்பாக்குவது. இந்தக் கடைசிப் படியைப் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். சென்னையில் 1986இல் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் முயற்சியைச் செய்து பார்த்தது இதே நோக்கத்தில்தான். திட்டம் வந்தவரின் சொந்த வார்த்தையில், ஒரு தாளில், அவர் கையெழுத்திலேயே இருக்க வேண்டும். மையம் மூடியிருக்கும் இரவு நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 அதில் கட்டாயம் இருக்கட்டும்.

செஷனையே மதிப்பிடும் சிறிய தாள் ஒன்றும் சில மையங்களில் உண்டு. பத்து சென்டிமீட்டர் கோடு நான்கு, மொத்தம் 40. காது கொடுத்துக் கேட்டார்களா, வேண்டியதைப் பேசினோமா, அணுகுமுறை ஒத்துவந்ததா, மொத்தத்தில் எப்படி. 36க்குக் கீழே வந்தால் பேச வேண்டும் என்பது விதி. நம்மவர்கள் எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்று வாரா வாரம் 40 போட்டுவிடுவார்கள், அதோடு தாள் செத்துவிடும். "இன்னைக்கு எந்த இடத்துல நான் சரியாப் புரிஞ்சுக்கல?" என்று டிரெய்னி வாய்விட்டுக் கேட்பது இந்தத் தாளைவிட மேல். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பதில்தான் அடுத்த நாள் சூப்பர்விஷனுக்குப் போகும்.

சூப்பர்விஷன் எப்படி நடக்க வேண்டும் என்றால், வாரம் ஒரு மணி நேரமாவது தனியாக, அதோடு குழுவாகவும். "எல்லாம் நல்லாப் போகுது மேடம்" என்று டிரெய்னி சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடுவது சூப்பர்விஷனில் சேராது. ரெக்கார்டிங்கில் பத்து நிமிடத்தை எடுத்து வார்த்தைக்கு வார்த்தை எழுதி வருவார் டிரெய்னி. ஒரு பத்தியில் வந்தவர் சொன்னது, அடுத்ததில் தான் சொன்னது, மூன்றாவதில் அந்த நொடியில் தன் மனதில் ஓடியது. மூன்றாவது பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் டிரெய்னி பேச்சைத் திருப்பியிருக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். இது நடக்கும் மையத்தில் அடுத்த செஷனிலேயே மாற்றம் தெரியும்: போன வாரம் தப்பிப்போன இடத்துக்கு டிரெய்னி தானாகத் திரும்பி வருவார். ஆறு வாரம் போயும் அப்படி ஒரு முறைகூட வரவில்லை என்றால் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

டிரெய்னி ஜூலையில் வந்தால், அவருடைய மூன்றாம் மாதத்திலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச்சில் தேர்வும் வைவாவும் வந்து கவனம் சிதறும். படிப்புக்கு வேண்டிய பயிற்சி மணி நேரத்தை எட்டும் பிரச்சினையும் அப்போதுதான். அமெரிக்காவில் கவுன்சிலிங் படிப்புகளை மதிப்பிடும் சி.ஏ.சி.ஆர்.இ.பி. அமைப்பின் தரச்சான்று பெற்ற முதுநிலைப் படிப்பில் 700 மணி நேரக் களப்பயிற்சி, அதில் 280 மணி நேரம் நேரடியாக ஆட்களோடு. இங்கே கல்லூரிக்குக் கல்லூரி எண்ணிக்கை மாறினாலும் லாக்புக்கில் மணி நிரப்பும் நெருக்கடி ஒன்றுதான். முடிக்க வேண்டிய செஷன்கள் நீள்வதும், பேச எதுவும் இல்லாமலே "அடுத்த வாரம் வாங்க" என்பதும் இதனால்தான். அந்த நேரத்தில் "இன்னும் எதுக்காக வரணும்?" என்று கேட்பது முழு உரிமை.

ஏப்ரலில் டிரெய்னி போய்விடுவார். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், கடைசி நான்கு செஷனுக்கு முன் மறுபடி சொல்ல வேண்டும். கடைசி நாளில் சொல்லிவிட்டுப் போனால், ஏற்கெனவே பிரிவால் அடிபட்டு வந்தவருக்கு அதுவும் ஒரு பிரிவாகச் சேர்ந்துவிடும். பாதியில் நிற்பவர்கள் பலர் நிற்பது இங்கேதான். ஒப்படைப்பு சரியாக நடந்தால் மூன்று வேலைகள் இருக்கும். டிரெய்னி ஒரு பக்கச் சுருக்கம் எழுதுவார்: எதற்காக வந்தார், எது உதவியது, எது உதவவில்லை, மதிப்பெண்கள் எங்கிருந்து எங்கே வந்தன, பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா. அதை வந்தவரிடமே படித்துக்காட்டி, வேண்டாம் என்பதை எடுத்துவிடுவார். பிறகு பழையவரும் புதியவரும் சேர்ந்து உட்காரும் ஒரு செஷன், அதில் கடைசிக் கால் மணி நேரம் புதியவரோடு தனியாக.

சுருக்கத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலையில் வரும் புதிய டிரெய்னி "முதல்ல இருந்து சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் அந்தத் தாளை மேசையில் வைத்து, "இதுக்கு அப்புறம் இருந்து பேசலாம்" என்று சொல்லலாம்.