சண்டிகர் கேப்பிடல் காம்ப்ளக்ஸுக்கு ‘சிறப்பு அனுமதி’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

அக்கா மகள் கட்டடக்கலை படிக்கிறாள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லே கொர்பூசியே கட்டிய கேப்பிடல் காம்ப்ளக்ஸை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. அதற்காகவே போன மாதம் அக்காவும் நானும் அவளோடு சண்டிகர் போனோம்.

விடுதி வாசலில் அறிமுகமான ஒரு சுற்றுலா ஏஜென்ட், “சும்மா போனால் உள்ளே விடமாட்டார்கள், சிறப்பு அனுமதி வாங்கித் தருகிறேன்” என்று மூன்று பேருக்கு 4,500 ரூபாய் வாங்கினார். சட்டப்பேரவை, தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் எல்லாம் இருக்கும் வளாகம், கெடுபிடி இருக்கத்தானே செய்யும் என்று நம்பிவிட்டேன். ஆதார் வேண்டுமா என்று கேட்டதற்கு, தேவையே இல்லை என்றார்.

மறுநாள் அவர் அனுப்பிய கார் ராக் கார்டனிலும் சுக்னா ஏரியிலும் பொழுதைக் கழித்தது. இரண்டும் அதே செக்டார் 1 பக்கம்தான். மாலையில் ஒரு வேலியோரம் நிறுத்தி, தூரத்தில் தெரிந்த கான்கிரீட் கட்டடத்தைக் காட்டி, “போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் டிரைவர். அவ்வளவுதான் அந்தச் சிறப்பு அனுமதி. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அங்கேயே இறங்கி விசாரித்துக்கொண்டு சுற்றுலாத் தகவல் மையத்துக்கு நடந்தோம். அரசே வழிகாட்டியோடு அழைத்துப்போகிறது, கட்டணம் கிடையாது, அசல் அடையாள அட்டை மட்டும் கட்டாயம் என்றார்கள். எங்கள் அட்டைகளோ விடுதியில். அன்றைய கடைசிக் குழுவும் போய்விட்டது.

நல்லவேளை, எங்களுக்கு ரயில் மறுநாள் இரவுதான். காலையிலேயே ஆதாரோடு போய்ப் பெயர் பதிந்தோம். உயர் நீதிமன்ற முகப்பில் வண்ணம் பூசிய அந்தப் பெரிய தூண்களுக்குக் கீழே நின்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அனல்மின் நிலையத்துக் குளிர்விப்புக் கோபுரம் போலச் சட்டப்பேரவையின் கூரைக்கு மேல் எழும்பி நிற்கும் வடிவத்தை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். 26 மீட்டர் உயர ‘திறந்த கை’ சிற்பம் காற்றுக்கு மெல்லத் திரும்பியது. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். இதைத்தான் வேலிக்கு வெளியே நிறுத்திக் காட்டிவிட்டு அனுப்பப் பார்த்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “அது கார் வாடகை” என்றார் அந்த ஏஜென்ட். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.