எலீட், பிரிவிலேஜ், ஸ்னாப்: சீன மாணவர்களோடு மூன்று ஆண்டு அட்டை அனுபவம்

சிங்கப்பூரில் சீன மொழி பேசும் பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மேட்டிமை, சமூகச் சலுகை சம்பந்தப்பட்ட ஆங்கிலச் சொற்களுக்கென்றே தயாரித்த ஓர் அட்டைத் தொகுப்பை வாங்கி, நன்றாக நினைவிருக்கும் அட்டையை நாள் தள்ளித் தள்ளிக் காட்டும் ஆன்கி செயலியில் ஏற்றி, மூன்று ஆண்டுகளாக வகுப்பில் பயன்படுத்துகிறேன். 120 அட்டைகள். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் அதற்கு ஒரே ஒரு சீனச் சொல். முதல் மாதத்திலேயே இதை எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். மாணவர்கள் அவ்வளவு வேகமாக மனப்பாடம் செய்தார்கள்.

நான்காவது மாதம் ஒரு மாணவி வேலை விண்ணப்பத்தைத் திருத்தக் கொண்டுவந்தார். நல்ல படிப்பாளி. முதல் பத்தியிலேயே, தனக்கு எலிட்டிஸ்ட் கல்வி கிடைத்ததாகவும், இந்த நிறுவனத்திலும் எலிட்டிஸ்டாகவே உழைக்கப்போவதாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் மீது தப்பே இல்லை; அட்டையை நம்பித்தான் எழுதினார். எலீட் என்றால் ஜிங்யிங், அதாவது பொறுக்கியெடுத்த சிறந்தவர்கள், என்று அட்டை சொன்னது. சீனத்தில் ஜிங்யிங் பெருமைக்குரிய சொல். டியூஷன் சென்டர் பெயர்ப்பலகையில்கூட வைக்கலாம். ஆங்கிலத்தில் எலீட் விளையாட்டு வீரர் என்றால் பாராட்டு. அதையே பன்மையாக்கி 'தி எலீட்ஸ்' என்று அரசியல் மேடையில் சொன்னால் வசவு. எலிட்டிஸ்ட், அதாவது மேட்டிமை பிடித்தவர், என்பதோ பெரும்பாலும் அடுத்தவர் மீது வைக்கும் குற்றச்சாட்டு. தன்னைப் பற்றி வேலை விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளும் சொல் அல்ல.

இதைவிட எங்களைப் பாடாய்ப் படுத்தியது பிரிவிலேஜ். ஓர் அட்டையை எட்டு முறை மறந்துவிட்டால், ஆன்கி அதை 'லீச்' என்று குறித்துவிடும். தமிழில் கார்டும் அட்டைதான், லீச்சும் அட்டைதான், பொருத்தமாகவே இருக்கிறது. என் வகுப்பில் மூன்று பேருக்கு பிரிவிலேஜ் அட்டை லீச் ஆனது. பின்பக்கம் தெச்சுவான் என்று போட்டிருந்தார்கள். அகராதிப்படி சரிதான், தனி உரிமை என்று பொருள். ஆனால் சீனர் காதில் அது அதிகாரி வீட்டுப் பிள்ளை வரிசையைத் தாண்டிப் போவதுபோல ஒலிக்கும். அமெரிக்க ஆய்வாளர் பெகி மக்கின்டாஷ் 1988-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஆங்கிலத்தில் நன்றாகப் பரவிய பொருள் வேறு: கேட்காமலே கிடைத்த, கிடைத்திருப்பது நமக்கே தெரியாத சௌகரியம்.

பெய்ஜிங்கிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்: "லாவ்ஷி (ஆசிரியரே), என் அப்பா அதிகாரி இல்லையே. எனக்கு எப்படி பிரிவிலேஜ் இருக்கும்?"

"உங்கள் ஹுகோவ் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"பெய்ஜிங்."

ஹுகோவ் என்பது சீனாவின் குடும்பப் பதிவு முறை. 1958-ல் சட்டமானது. காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் இடங்களை மாகாணவாரியாகத்தான் பிரிக்கிறார்கள். அதனால் தலைநகரின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் நுழைவது, ஹெனான் மாகாணத்துப் பிள்ளையைவிட பெய்ஜிங் பதிவு உள்ளவருக்கு எளிது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "நான் எதையும் கேட்டு வாங்கவில்லையே, அங்கே பிறந்தேன், அவ்வளவுதானே" என்றார். அதுதான் பிரிவிலேஜ் என்றேன். அவர் குரலில் கோபமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அன்றைக்கு அந்த அட்டையின் பின்பக்கத்தை அழித்துவிட்டு, அவர் சொன்ன வாக்கியத்தையே ஆங்கிலத்தில் எழுதி வைத்தோம்.

எல்லா அட்டையும் மோசமில்லை. நுவோ ரீஷ் என்பதற்குப் பாவ்ஃபாஹூ போட்டிருந்தது அற்புதமான பொருத்தம். திடீர்ப் பணக்காரர் மீதான இளக்காரம் இரண்டிலும் ஒன்றே. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்கிறோமே, அதே தொனி. வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவர் என்று ஆங்கிலம் சொல்வதைச் சீனம் தங்கக் கரண்டி என்கிறது. இதை ஒரு தடவை சொன்னால் போதும், யாரும் மறப்பதில்லை. ஸ்னாப் மட்டும் பாதிதான் சரி. அதற்குப் போட்டிருந்த ஷிலியென் என்றால் ஆள் பலம், பணம் பார்த்து முகத்தை மாற்றுகிறவர். ஆங்கிலத்தில் காபி ஸ்னாப் என்று ஒருவர் உண்டு. அவருக்குப் பணமே தேவையில்லை, ரசனைத் திமிர் போதும்.

மெரிட்டாக்ரசி, அதாவது தகுதிக்கே முதலிடம் என்ற முறை, அந்த அட்டையை நானே மாற்றினேன். தொகுப்பில் அது முழுப் பாராட்டாக இருந்தது. சிங்கப்பூரிலும் அந்தச் சொல்லைப் பெருமையாகத்தான் கேட்டு வளர்கிறோம். ஆனால் அதைப் பிரபலமாக்கிய பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங், 1958-ல் அதை எச்சரிக்கையாக, ஓர் அங்கதத்தில் எழுதினார். ஹுகோவ் சட்டமான அதே ஆண்டு. இரண்டையும் ஒரே அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பவை 70 அட்டைகள்தான். ஒவ்வொன்றிலும் சீனச் சொல்லுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இதை யார், யாரைப் பற்றி, எந்தக் குரலில் சொல்வார்கள் என்று. உட்கார்ந்து எழுத வேண்டிய வேலை, ஓர் அட்டைக்கு கால் மணி நேரமாவது ஆகும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் கட்டுரைக்குச் சொல் சேர்க்க மட்டும் வேண்டும் என்பவர்களும் இந்த வரி இல்லாமல் தொடாதீர்கள் என்பேன். 250 சொல் கட்டுரையில் எலிட்டிசம் நாலு முறை தப்பாக வந்தால் அது உதவியல்ல. பொறுமையுள்ள ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் தொகுப்பை வாங்கலாம், தொடக்கத்துக்கு நல்ல பட்டியல்.

பின்தியே என்ற சீனச் சொல்லுக்கு மட்டும் சரியான ஆங்கிலச் சொல் இன்னும் மாட்டவில்லை. அப்பாக்களை வைத்துப் போட்டி போடுவது என்று பொருள்; பெற்றோர் செல்வாக்கில் மேலே வந்தவரைச் சொல்லும் நெப்போ பேபி கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் அது சினிமாக்காரர் வீட்டுப் பிள்ளைகளையே நினைவுபடுத்துகிறது. அந்த அட்டையின் ஆங்கிலப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

பெய்ஜிங் மாணவர் போன வாரம் போனைக் காட்டினார். பிரிவிலேஜ் அட்டை லீச் பட்டியலில் இல்லை. அடுத்த முறை அது அவரிடம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம்.