குவேக்கான் லேன் கூடம்: அன்றும் இன்றும் ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் குவேக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டம் வெளியானது 1996 ஜூனில். அதே ஆண்டு ஆகஸ்டில், டெக்சாஸின் கார்லண்டில் ஒரு லா குவின்டா விடுதியில் அதன் ரசிகர்கள் கூடும் விழாவான குவேக்கான் தொடங்கிவிட்டது. ஐஆர்சி என்ற இணைய அரட்டையில் பழகியவர்கள் கணினியோடு வந்து, அவற்றை ஒரே கூடத்தில் லேன் எனும் உள்ளூர் வலையமைப்பில் இணைத்து ஆடக் கூடியதுதான் விழா. ஐடி சாஃப்ட்வேர் அலுவலகம் பக்கத்து ஊரான மெஸ்கீட்டில் இருந்தது. அங்கிருந்து வந்த, குவேக்கின் முதன்மை நிரலாளர் ஜான் கார்மேக், விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் நின்றே கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அந்த நெருக்கம் இன்றைய பெரிய அரங்குகளில் வாய்ப்பதில்லை.

சொந்தக் கணினியைச் சுமந்து வருவதே அன்று பாதி வேலை. 17 அங்குல சிஆர்டி (பழைய குழல் வகை) மானிட்டர் 16 முதல் 20 கிலோ வரை இருக்கும். எடை பெரும்பாலும் முன்பக்கக் கண்ணாடியில் என்பதால், திரையை நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். கார் குலுங்கலில் கிராஃபிக்ஸ் கார்டும் ரேமும் ஸ்லாட்டிலிருந்து சற்று எழும்பிவிடும். இதைக் கவனிக்காமல் பவர் போட்டால் திரை வராது. முதலில் பெட்டியைத் திறந்து அவற்றை அழுத்திவிட வேண்டும்.

தொண்ணூறுகளின் லேன் கூட்டங்களில் பிஎன்சி கோஆக்ஸ் எனும் பழைய வலையமைப்புக் கேபிளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் குணம் மறக்காது. எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியில் கோர்க்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் அதிகபட்சம் 185 மீட்டர், 30 இணைப்புகள். இரண்டு முனையிலும் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 50 ஓம் மின்தடை மூடி, அதாவது டெர்மினேட்டர், கட்டாயம். கணினியைக் கம்பியோடு சேர்க்கும் டி வடிவ இணைப்பியை நேராக நெட்வொர்க் கார்டில்தான் செருக வேண்டும், நடுவில் நீட்டுக் கம்பி கூடாது. நடுவில் ஒருவர் கேபிளைப் பிரித்தால் முனை திறந்து, சிக்னல் எதிரொலித்து, வரிசை முழுவதும் நின்றுபோகும். பழுதைத் தேடும் வழி எளிது. கணினிகளை அணைத்து, கம்பியை ஓம் மீட்டரால் அளந்தால் சுமார் 25 ஓம் காட்ட வேண்டும். 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. அப்போது டெர்மினேட்டரை நடுவில் போட்டு எந்தப் பாதி ஓடுகிறது என்று பார்த்து, பழுதான பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போகலாம். இதற்கு வரிசை முழுவதும் எழுந்து நின்று ஒத்துழைக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரரின் பெயர் தெரியாமல் வீடு திரும்ப முடியாது.

ஒவ்வொரு கணினியையும் தனிக் கம்பியில் இணைக்கும் ஹப் பெட்டி வந்தபின் கம்பித் தொல்லை குறைந்தது, ஆனால் ஒருவர் பெரிய ஃபைலை நகலெடுத்தால் எல்லோருடைய பிங்கும் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) ஏறியது. தகவலை உரிய கணினிக்கு மட்டும் அனுப்பும் ஸ்விட்ச் அதைத் தீர்த்தது.

மின்சாரம்தான் இன்னொரு தலைவலி. அமெரிக்காவில் 120 வோல்ட், 20 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ந்து இழுக்கத் தகுந்தது 1920 வாட். சிஆர்டியும் கணினியும் சேர்ந்து 300 வாட் என்று வைத்தால் ஆறு பேருக்குத்தான் போதும். சுமை கூடி பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசை) விழுந்ததும் அப்படியே மறுபடி போட்டால், எல்லா சிஆர்டியும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை வாரி இழுக்க, உடனே மீண்டும் விழும். முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.

2020 முதல் 2022 வரை இணையத்தில் மட்டும் நடந்த விழா, 2023-ல் டெக்சாஸின் கிரேப்வைனில் உள்ள கெய்லார்ட் டெக்சன் விடுதிக்குத் திரும்பியது. இப்போது மானிட்டர் ஐந்து கிலோகூட இல்லை. நெட்வொர்க்கும் அன்றைப்போல் படுத்துவதில்லை. இந்த வசதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வருத்தம் வேறிடத்தில்: புதிய ஆட்டங்கள் பலவற்றில் லேன் சர்வரே, அதாவது கூடத்துக் கணினியிலேயே ஓட்டக்கூடிய சர்வரே, கிடையாது. அருகருகே உட்கார்ந்திருப்பவர்கள்கூட தூரத்து சர்வர் வழியாகத்தான் சந்திக்க முடிகிறது. வெளி இணைப்பு போனால் கூடமே சும்மா இருக்கிறது.

பழைய ருசி வேண்டுபவர்கள் குவேக் வரிசையின் குவேக் 3 ஆட்டத்துக்கான சர்வர் ஒன்றைத் தங்கள் கணினியிலேயே ஏற்றலாம். வெளித் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் சர்வர் பயன்படுத்தும் யூடிபி 27960 போர்ட்டைத் திறந்துவிடுங்கள், பெரும்பாலும் சிக்குவது அங்கேதான். பிறகு மற்றவர்கள் இணைவதற்கான, உங்கள் கணினியின் ஐபி முகவரியைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, வழியில் போகிறவர்கள் பார்க்கும்படி மானிட்டரின் முதுகில் ஒட்டுங்கள்.