சித்தியின் முதல் போன்: எதை வைக்க, எதைத் தூக்க?

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் தம்பி, சித்தியின் மகன், லீவுக்கு வந்தவன், சித்திக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவன் விமானம் ஏறிய மறுநாளே குலசேகரத்திலிருந்து எனக்குக் கால். பழைய பட்டன் போனிலிருந்துதான். "மக்கா, இதை வச்சு நான் என்ன செய்ய? தொட்டா தொட்ட இடமெல்லாம் திறக்குது."

சனிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். போனைத் திறந்தால் தலை சுற்றியது. கம்பெனி போட்டது பாதி, கடைக்காரர் போட்டது பாதி, தம்பி போட்டது மீதி. பாட்டுக்கு மூன்று ஆப், பிரவுசர் இரண்டு, பணம் அனுப்ப மூன்று. ஒரு வேலைக்கு ஒரு ஆப்தான் என்று முடிவு செய்துவிட்டு உட்கார்ந்தோம். எது நிற்கும், எது போகும் என்பதில்தான் சண்டை.

பேசுவதற்கு

வாட்ஸ்அப் போதுமே என்று நினைப்போம். மகன் அமீரகத்தில் இருந்தால் போதாது. அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், போட்டோ அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம். கால் மட்டும் போகாது. இணையம் வழியாகப் பேச அந்த நாட்டில் அனுமதி பெற்ற ஆப்கள் சிலதான். நம்மூர்ப் பிள்ளைகள் அதில் அதிகம் வைத்திருப்பது போட்டிம். கல்ஃபில் ஆள் இருக்கிற குமரி மாவட்டத்து வீடுகளில் இது ஏற்கெனவே தெரிந்த பெயர்தான். ஆனால் மகனோடு பேச மட்டும்தான் அது. மகளிர் குழு, சர்ச், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருப்பது வாட்ஸ்அப்பில். ஆக, முதல் வேலையிலேயே என் விதி உடைந்தது. இரண்டும் இருக்கட்டும் என்றேன்.

அரட்டையையும் போட்டுப் பார்த்தேன். ஸோஹோவின் ஆப், 2021-இல் வந்தது, 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று எல்லார் வாயிலும் அதே பேச்சாக இருந்தது. பார்க்க நன்றாகவே இருக்கிறது. சித்தியின் தொடர்புகளில் அதில் இருந்தது இரண்டே பேர், அதில் ஒருவன் நான். எடுத்துவிட்டேன்.

பணத்துக்கு

இங்கேதான் அதிக நேரம் போனது. பீம், கூகுள் பே, போன்பே மூன்றுமே ஓடுவது யுபிஐ என்ற ஒரே தண்டவாளத்தில். பணம் ஆப்புக்குள் தங்குவதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குப் போகிறது. யுபிஐ பின் என்கிற ரகசிய எண்ணும் ஆப்புக்கு உரியதல்ல, கணக்குக்கு உரியது. ஒரு ஆப்பில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாறிவிடும். எந்தக் கடையின் கியூஆர் அட்டையையும் எந்த ஆப்பாலும் ஸ்கேன் செய்யலாம். அப்படியானால் வித்தியாசம் எங்கே? திரையில் வேறு என்னென்ன கண்ணில் படுகிறது என்பதில்.

கூகுள் பே 2017-இல் தேஸ் என்ற பெயரில் வந்தது. அதிலும் போன்பேயிலும் பணம் அனுப்புவதோடு கடன், காப்பீடு, தங்கம் என்று பல கடைகள் திறந்திருக்கின்றன. எனக்கே ஒருமுறை, எந்த ஆப் என்று சொல்லவில்லை, கடன் தருகிறோம் என்று வந்த பெட்டியை மூடப்போய், விரல் தவறி விண்ணப்பப் பக்கம் வரைக்கும் போய்விட்டேன். தினமும் போன் பார்க்கிற எனக்கே இந்தக் கதி. பீம் 2016 டிசம்பர் 30-இல் வந்தது, யுபிஐயை நடத்துகிற என்பிசிஐயின் சொந்த ஆப். தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பீமுக்கு எதிராகவும் ஒன்று உண்டு. ஏதாவது சிக்கிக்கொண்டால் சித்தி என்னைத் தேட மாட்டாள், பக்கத்து மளிகைக்கடைப் பெண்ணிடம்தான் நீட்டுவாள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது கூகுள் பே. இது சின்ன விஷயமில்லை; முதல் போன்காரருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள்தான் உதவி மையம். கடைசியில் பீமையே வைத்தோம், கடைப் பெண்ணிடம் போய் அதை ஒருமுறை காட்டியும் வந்தேன். ஆப்புக்குள்ளேயே கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளும் யுபிஐ லைட்டில் மட்டும் 500 ரூபாய் போட்டுவிட்டேன். அதில் பின் இல்லாமலே சில்லறைச் செலவு செய்யலாம், மீன்காரருக்குக் கொடுக்க வசதி.

பணம் அனுப்பத்தான் பின் வேண்டும், வாங்க வேண்டாம் என்பதை மூன்று முறை சொன்னேன். சித்தி தலையாட்டவில்லை. எழுந்து போய்ச் சுவர்க் காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: "வர்ற பைசாவுக்கு நம்பர் போடாதே." பின்னைக் காலண்டரில் எழுதாதே என்று நான் சொல்வதற்குள், "அது எனக்குத் தெரியாதா" என்று ஒரு முறைப்பு.

ஒரு எச்சரிக்கை: வங்கியில் பதிந்த நம்பரின் சிம் இந்தப் போனுக்குள் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அந்த சிம் பட்டன் போனில் இருந்தது. மாற்றியதில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

எழுத

குரலில் சொன்னால் எழுதிக்கொள்ளும் ஜிபோர்டு ஒரு பக்கம். அஞ்சல், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புகள் உள்ள செல்லினம் மறுபக்கம். நான் தட்டுவது செல்லினத்தில்தான், கை பழகிவிட்டது. ஆனால் சித்தி இனிமேல் தமிழ்99 படிக்கப் போவதில்லை. குரலைப் போட்டுப் பார்த்தோம். "எனக்க பைசா வந்தா?" என்றாள். நம்மூர்ப் பேச்சில் அது 'என்னுடைய பணம்'. ஜிபோர்டு 'எனக்கு பைசா வந்தா' என்று எழுதியது. தம்பி படித்தால், பணம் அனுப்பு என்று அம்மா கேட்கிறாள் என்றல்லவா நினைப்பான்? சித்திக்கு அவமானமாகிவிட்டது.

அப்புறம்தான் கையெழுத்து நினைவுக்கு வந்தது. ஜிபோர்டில் தமிழைச் சேர்க்கும்போதே கையெழுத்து என்ற வகையையும் தேர்ந்தெடுக்கலாம்; திரையில் விரலால் எழுதினால் அதுவே எழுத்தாகும். எட்டாம் வகுப்போடு நின்ற கை, 'ழ'வின் சுழியை மெதுவாகப் போட்டு, கீழே வாலை இழுத்து முடித்தது. மேலே 'மழை' வந்து நின்றது. அன்று சித்தி சிரித்த ஒரே இடம் அதுதான். கொஞ்சம் மெதுவான வழிதான், ஆனாலும் இதற்கே என் ஓட்டு.

மீதி

ரயிலுக்கு, வேர் இஸ் மை ட்ரெயின் போதும். கண்ணுக்கு மருந்து வாங்கக் குழித்துறையில் ஏறித் திருவனந்தபுரம் போகிறவளுக்கு, பாறசாலை தாண்டியாயிற்றா என்று தெரிந்தால் சரி. ரயிலுக்குள் இருந்தால் நெட் இல்லாவிட்டாலும் டவரை வைத்தே சொல்லிவிடும். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன்னில் டிக்கெட்டே எடுக்கலாம். சித்திக்கு கவுன்டர்தான் வேண்டுமாம்.

மழைக்கு, வானிலைத் துறையின் மௌசம். சித்தப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், விடியற்காலை மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை. காற்றையும் மேகத்தையும் வண்ணம் வண்ணமாகக் காட்டும் விண்டி அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாரே தவிர ஒன்றும் விளங்கவில்லை. ரப்பர் விலைக்கு ஆப்பே வேண்டாம். ஷீட் எடுக்கிற கடைக்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்.

அடுக்குவது

வகை வகையாக ஃபோல்டர் போடுவது என் பழக்கம். 'பைசா', 'பேச்சு', 'வண்டி' என்று தமிழில் பெயர் வைத்து அழகாக அடுக்கிக் கொடுத்தேன். சித்தி திறக்கவே இல்லை. ஃபோல்டருக்குள் போனது அவளைப் பொறுத்தவரை தொலைந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முதல் பக்கத்தில் ஆறே ஆறு வைத்தேன். கீழே, தொட்டால் நேராகக் கால் போகிற மாதிரி எங்கள் மூன்று பேரின் முகங்கள். விரலை அழுத்தி வைத்தால் ஐகான் நகர்ந்து ஓடிவிடுகிறது, அதற்கு ஹோம் ஸ்கிரீன் லேஅவுட்டைப் பூட்டும் வசதி செட்டிங்ஸில் இருந்தது. வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்தினேன். இல்லாவிட்டால் குட் மார்னிங்கிலேயே போன் நிரம்பிவிடும்.

சிம் இல்லாத பட்டன் போன் இப்போது சித்தப்பாவின் கட்டிலடியில் கிடக்கிறது. காலை நாலு மணி அலாரத்துக்கு அவர் அதைத்தான் நம்புகிறார். புதுப் போனின் அலாரச் சத்தம் ஏதோ தாலாட்டு மாதிரி இருக்கிறதாம்.