கொழுப்பு ஸ்டெம் செல்லில் குருத்தெலும்பு: ஆக்சிஜனைக் குறைக்கலாமா, எப்போது?

லைபோசக்‌ஷனில் உறிஞ்சி எடுக்கிற கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) பிரிக்கலாம் என்று 2001இல் பட்ரீஷியா ஸுக் குழுவினர் காட்டியதிலிருந்து, அதை வைத்து மூட்டுக் குருத்தெலும்பு வளர்க்கும் முயற்சி ஓயவில்லை. செல் வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதில்தான் இழுபறி. சாதாரண இன்குபேட்டரில் காற்றில் இருப்பது போலவே ஏறக்குறைய 20 சதவீதம் இருக்கும். குருத்தெலும்புக்கோ ரத்தக் குழாயே கிடையாது, அங்கே சில சதவீதம்தான். அப்படியானால் குறைத்துவிட்டால் போச்சு என்று தோன்றும். எப்போது குறைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் 20 சதவீதம். செலவு குறைவு, பழகிய வழி. ஒரு குழாயில் இரண்டு லட்சம் செல்லைப் போட்டுச் சுழற்றினால் அடியில் சின்ன உருண்டையாகச் சேரும், அதற்கு குருத்தெலும்பாக மாறத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைக் கொடுத்து மூன்று வாரம் விடுவார்கள். ஆனால் வெளியே 20 சதவீதம் இருந்தாலும் ஓரத்துச் செல்களே நிறைய உறிஞ்சிக்கொள்வதால் நடுவில் ஆக்சிஜன் தானாகவே குறைந்துவிடும். ஆக அந்த 20 சதவீதம் உருண்டையின் தோலுக்கு மட்டும்தான்!

அடுத்தது, குருத்தெலும்பாக மாறும் கட்டத்தில் 5 சதவீதம். டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபர்ஷித் கிலாக் குழு 2005இல் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) மணிகளுக்குள் மனிதச் செல்களை வளர்த்தபோது, 5 சதவீதத்தில் செல் பெருகுவது குறைந்தது, ஆனால் குருத்தெலும்புக்கு வேண்டிய புரத உற்பத்தி கூடியது. 2010இல் பிரான்சின் நான்ட் நகர ஆய்வாளர்களும் இதே 5 சதவீதத்தில் குருத்தெலும்புப் பக்கம் ஏறி எலும்புப் பக்கம் இறங்கியதைக் கண்டார்கள். காரணம் ஹிஃப்-1 ஆல்ஃபா. ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் இந்தப் புரதத்தைச் செல் உடனுக்குடன் அழித்துவிடும். குறைந்தால் அது தங்கி, சாக்ஸ்9 போன்ற குருத்தெலும்பு மரபணுக்களைத் தூண்டும்.

மூன்றாவது, 2 சதவீதம். இங்கேதான் குழப்பம். ஸ்டான்ஃபோர்டில் லாங்கேக்கர் ஆய்வகம் சுண்டெலிச் செல்லை மாறும் கட்டத்திலேயே 2 சதவீதத்தில் வைத்தபோது குருத்தெலும்பு, எலும்பு இரண்டுமே குறைந்தன (2006). அதே ஆய்வகம் மறுவருடம், அதற்கு முன் செல் எண்ணிக்கையைப் பெருக்கும் கட்டத்தில் மட்டும் 2 சதவீதம் கொடுத்துப் பார்த்தது. குருத்தெலும்பாவதன் தொடக்கம் மேம்பட்டது. அதே 2 சதவீதம், கட்டம் மாறியதும் பலனும் தலைகீழ்.

என்னைக் கேட்டால், மனிதச் செல்லுக்கு மாறும் கட்டத்தில் 5 சதவீதம். 2 வேண்டுமென்றால் பெருக்கும்போது மட்டும். சுண்டெலி முடிவை அப்படியே மனிதனுக்குத் தூக்கிவர நான் தயாரில்லை.

வாங்கும் முன் ஒன்று: குறை ஆக்சிஜன் இன்குபேட்டர் நைட்ரஜனைச் செலுத்தித்தான் அளவை இறக்கும், சிலிண்டர் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் அளவு ஏறிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றும் புது மீடியாவிலும் (செல் வளரும் ஊட்டத் திரவம்) காற்றின் ஆக்சிஜன் கரைந்திருக்கும், அது இறங்கப் பல மணி நேரம் ஆகலாம். திரையில் 5 என்று காட்டுவதை நம்பி உட்கார்ந்தால் செல்லுக்குக் கிடைப்பது வேறு. மீடியா சீக்கிரம் மஞ்சளாவதைக் கண்டும் பயப்பட வேண்டாம், ஆக்சிஜன் குறைந்தால் செல் குளுக்கோஸை லாக்டேட்டாக்கித் தள்ளும், அந்த அமிலம்தான்.

கோபால்ட் குளோரைடு என்ற ரசாயனத்தைப் போட்டு ஹிஃப்-1 ஆல்ஃபாவை ஏற்றும் குறுக்குவழியும் உண்டு. மலிவுதான், ஆனால் செல் மூச்சுவிட ஆக்சிஜன் அப்படியே இருக்கும். 5 சதவீதத்துக்கு அது ஈடாகாது.