ஹெப்ரான் தறியில் நெய்த கறுப்பு வெள்ளை கூஃபியா

பாலஸ்தீனர்களின் தலைத்துணியான கூஃபியாவில் ஒன்று, ஹிர்பாவி ஆலையில் நெய்தது, வாங்கினேன். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் ஹெப்ரான் நகரத்தில் 1961-இல் யாசர் ஹிர்பாவி தொடங்கிய ஆலை. இன்றும் பழைய சுசுகி விசைத்தறிகளில்தான் நெய்கிறார்கள்.

துணி பருத்தி. கோலம் அச்சடித்ததல்ல, நெசவிலேயே வருவது. திருப்பிப் பார்த்தால் கறுப்பு நூல் ஓடிய தடம் தெரியும். விரலால் தடவினால் வலைக் கட்டங்கள் மேடாகத் தட்டுப்படும். புதிதில் சற்று முரடு, சில சலவைக்குப் பிறகு தழைந்துவிடுகிறது. சாயம் போகவில்லை. முன்பு நடைபாதையில் வாங்கிய பாலியஸ்டர் துணி வியர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மாதிரி மலிவுச் சரக்கு வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்துதான் 1990-களில் இந்த ஆலை மூடப்படும் நிலைக்குப் போனது.

என் மனத்தாங்கல், வாங்கிய இணையக் கடை உள்ளே வைத்து அனுப்பிய அட்டையைப் பற்றி. “ஒற்றுமையின் சின்னம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒற்றுமை சும்மா வந்ததல்ல.

பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது கூஃபியா என்பது கிராமத்து உழவர்கள் வெயிலுக்கும் தூசிக்கும் கட்டிய தலைத்துணி. நகரத்துப் பெரிய மனிதர்கள், அதாவது எஃபெந்திகள், தலையில் தர்பூஷ் என்ற சிவப்புத் தொப்பி வைத்தார்கள். தலையைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். இரு தரப்புக்கும் நடுவே நிலமும் கடனும் இருந்தன. 1930-இல் அரசு நடத்திய ஜான்சன்–குரோஸ்பி விசாரணை, உழவர் குடும்பத்தின் சராசரிக் கடன் 27 பவுண்டு என்றது. ஆண்டு வருமானமே 25, 30 பவுண்டுதான்! வட்டி சுமார் 30 விழுக்காடு. வடக்கே மர்ஜ் இப்ன் ஆமிர் சமவெளியில் தனக்கிருந்த நிலத்தைப் பெய்ரூட்டின் சுர்சுக் குடும்பம், யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய சியோனிச அமைப்புகளுக்கு விற்றபோது, அங்கே தலைமுறையாக உழுதவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

1936-இல் நகரங்களின் வேலைநிறுத்தத்தோடு பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி, 1937 முடிவதற்குள் மலைக் கிராமங்களின் கைக்குப் போனது. அப்புறம் 1938 ஆகஸ்டில் கிளர்ச்சித் தலைமையிடமிருந்து ஓர் உத்தரவு: நகரத்து ஆண்கள் தர்பூஷைக் கழற்றிவிட்டு கூஃபியாவும் அதைத் தலையில் இறுக்கும் இகால் என்ற கயிற்று வளையமும் அணிய வேண்டும். கூஃபியா கட்டியவர் நகரத்துக்குள் வந்தால் கிளர்ச்சிக்காரரோ என்ற சந்தேகத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டிருந்தது. எல்லார் தலையிலும் அதுவே இருந்தால் யாரைப் பிடிப்பார்கள்? கூடவே கடன் வசூலுக்குத் தடை, நகரத்து வீட்டு வாடகைக்கும் தடை. உழவர்கள் தங்கள் துணியை எஃபெந்தியின் தலையில் ஏற்றிய காலம் அது. இதே கிளர்ச்சிக்காரர்கள் நகரத்துப் பெண்களை முக்காடு போடச் சொன்னதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

வசதியானவர்கள் பலர் பெய்ரூட்டுக்கும் கெய்ரோவுக்கும் போனார்கள். ஜெருசலேமின் பெரிய குடும்பம் ஒன்றைச் சேர்ந்த ஃபக்ரி நஷாஷிபி பிரிட்டிஷாரோடு சேர்ந்து கிளர்ச்சிக்கு எதிராக “சமாதானப் படைகள்” திரட்டினார். 1939-இல் எல்லாம் அடங்கியதும் எஃபெந்திகள் மறுபடி தர்பூஷுக்கே திரும்பினார்கள்.

கூஃபியா விற்கிற கடை இதை நாலு வரியிலாவது சொல்ல வேண்டும். அந்த உழவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது. அட்டையை மாற்றச் சொல்லிக் கடைக்கு எழுதியிருக்கிறேன்.

துணிக்கு ஐந்துக்கு ஐந்து. வாங்கும்போது மூலையில் தைத்திருக்கும் ஆலைச் சீட்டைப் பார்த்து வாங்குங்கள், போலி நிறைய.