வைஃபை பாஸ்வேர்டு மாற்ற நெட்காரர் 300 ரூபாய் கேட்கிறாரா? முதலில் இதைப் படியுங்கள்

மூன்று முறை எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்றினோம். முறைக்கு 300 ரூபாய் கொடுத்தேன். மாற்றித் தந்தவர் எங்களுக்கு ஃபைபர் கனெக்‌ஷன் போட்டுக் கொடுத்த தம்பி. எங்கள் நெட்டை எங்களுக்கே தெரியாமல் பின்வீட்டு அறைகளுக்கு மாத வாடகைக்கு விட்டிருந்தவரும் அவர்தான்.

திருச்சியில் கே.கே. நகர் பக்கம் எங்கள் வீடு. நான் வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் எனக்கு நெட் இல்லாமல் ஆகாது. அதற்காகத்தான் பழைய கனெக்‌ஷனை விட்டுவிட்டு ஃபைபருக்கு மாறினோம். டிவி பக்கத்தில் சுவரில் பெட்டியை மாட்டினார் அந்தத் தம்பி. "பாஸ்வேர்டு உங்க போன் நம்பரே போட்டுட்டேன்க்கா, மறக்காது" என்றார். நல்ல யோசனை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். என் போன் நம்பர் பால்காரரிடம் இருக்கிறது, கேஸ் ஏஜென்சியில் இருக்கிறது, நான் கணக்குப் பார்க்கும் எல்லாக் கடையிலும் இருக்கிறது. எத்தனை பேரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படிப் போட்டிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஏழெட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் சாயந்தரம் ஏழு மணிக்கு மேல் நெட் இழுக்க ஆரம்பித்தது. 20ஆம் தேதி நெருக்கத்தில் ஜிஎஸ்டி தளமே திணறும். அதனால் முதலில் அதைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். டிவியிலும் படம் நின்று நின்று ஓடியபோதுதான் தம்பிக்குப் போன் போட்டேன். வந்தார். பெட்டியைப் பார்த்தார், தன் போனில் ஏதோ பார்த்தார். "யாரோ உங்க வைஃபையை யூஸ் பண்றாங்கக்கா. பாஸ்வேர்டு மாத்தணும். சர்வீஸ் சார்ஜ் 300" என்றார். இரண்டே நிமிட வேலை. பணத்தைத் தன் சொந்த நம்பருக்கு அனுப்பச் சொன்னார். ரசீது கிடையாது.

அடுத்த மாதமும் அதே தொல்லை, அதே 300. அதற்கடுத்த முறை மாற்றிவிட்டு, "ரௌட்டர் பழசாயிடுச்சு, புதுசு போட்டா 2,800 ஆகும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். பெட்டிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

மூன்று முறையும் நான் கேட்டேன்: "தம்பி, எப்படி மாத்துறதுன்னு எனக்கே சொல்லிக் கொடுத்துடுங்களேன், ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு அலைச்சல்தானே." அதற்கு அவர், "அதெல்லாம் கம்பெனி பாஸ்வேர்டுக்கா, கஸ்டமருக்குச் சொல்லக் கூடாது. நீங்க எதையாவது தொட்டா லைன் போயிடும்" என்பார். அந்தப் பயத்தில்தான் நான் இத்தனை மாதம் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் லீவுக்கு அண்ணன் மகன் வந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் ரௌட்டரைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பினான். பின்பக்க ஸ்டிக்கரில் எல்லாம் இருந்தது: 192.168.1.1 என்ற முகவரி, 'யூசர்' என்று ஒரு கணக்கு, அதன் பாஸ்வேர்டு, 'அட்மின்' என்று இன்னொரு கணக்கு, அதற்கொரு பாஸ்வேர்டு. வைஃபையில் இருந்தபடியே என் லேப்டாப் பிரவுசரில் அந்த எண்ணை அடித்தான். 'பாதுகாப்பானதல்ல' என்று ஓர் எச்சரிக்கை வந்தது. "இது வெளி வெப்சைட் இல்ல அத்தை, இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற பக்கம்தான்" என்று சொல்லி உள்ளே போனான். அட்மின் கணக்கு திறக்கவில்லை, அதன் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருந்தார்கள். யூசர் கணக்கு திறந்தது.

உள்ளே வைஃபை பக்கத்தில் நான்கு பெயர்களுக்கு இடம் இருந்தது. ஒரே ரௌட்டர் ஒரே நேரத்தில் பல பெயர்களில் வைஃபை கொடுக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முதல் வரியில் எங்கள் வீட்டுப் பெயர். இரண்டாவது வரியில் வெறும் எண்களாக ஒரு பெயர். அதற்குத் தனி பாஸ்வேர்டு. பெயர் வெளியே காட்டாதபடி மறைத்தும் வைத்திருந்தது, அதனால் எங்கள் போனில் வைஃபை தேடினால் அது வரவே வராது. தம்பி மூன்று முறையும் மாற்றியது முதல் வரியில் இருந்த பாஸ்வேர்டை மட்டும். இரண்டாவது வரியை ஒருமுறைகூடத் தொடவில்லை.

இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தான். எங்கள் வீட்டில் என் போன், என் கணவர் போன், லேப்டாப், டிவி என்று நான்குதான். பட்டியலில் பதின்மூன்று இருந்தன. என் கண்ணெதிரே பதினான்காவதாக ஒன்று வந்து சேர்ந்தது. மணி ஏழரை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கம்பெனி ஆப்பில் மாத உபயோகம் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதுவரை நான் அதைத் திறந்ததில்லை. டிசம்பரில் 870 ஜிபி ஓடியிருந்தது. இரண்டு பேர் இருக்கும் வீடு. கனெக்‌ஷன் புதிதாக வந்த மாதங்களில் 150ஐத் தாண்டவில்லை. உபயோகம் எந்த மாதத்தில் ஏறியது என்று பார்த்தால் திருட்டு எப்போது தொடங்கியது என்பது தெரிந்துவிடுகிறது.

எங்கள் பின்சுவரை ஒட்டி மூன்று வாடகை அறைகள் உண்டு. வேலைக்குப் போகிற பையன்கள் தங்கியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் நானே போய்க் கேட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர்கள் ஒளிக்கவே இல்லை. "அந்த நெட்கார அண்ணன் ரூமுக்கு 200 வாங்குறாருக்கா. சின்ன பிளான்னு சொன்னார். பாஸ்வேர்டும் அவரே எங்க போன்ல போட்டுக் கொடுத்தார்" என்றார்கள். ஒரு பையன் பணம் அனுப்பிய பதிவுகளையே காட்டினான், மாதாமாதம் 200. என் 300 போன அதே நம்பர். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை, காசு கொடுத்து ஏமாந்தவர்கள் அவர்களும்.

வேகம் குறைந்ததையும் 900 ரூபாய் போனதையும் விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. கனெக்‌ஷன் என் பெயரில், என் ஆதாரைக் கொடுத்து வாங்கியது. அந்த அறைகளில் இருந்து யார் எதைச் செய்தாலும் வெளியே தெரிவது என் இணைப்பின் ஐபி முகவரிதான், அதாவது இணையத்தில் என் இணைப்பை அடையாளம் காட்டும் எண். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. போலீஸ் தடம் பிடித்துப் போனது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக்கு. பாதுகாப்பில்லாமல் கிடந்த அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையில் நின்றது அவர். பின்வீட்டுப் பையன்கள் நல்லவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் அந்தப் பாஸ்வேர்டை வேறு யார் யாருக்குக் கொடுத்தார்களோ, எனக்கு எப்படித் தெரியும்?

கம்பெனி ஆபீஸுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "கம்ப்ளெயின்ட் போட்டாச்சு மேடம், உங்க ஏரியா டெக்னீஷியன் நாளைக்கு வருவார்" என்றார். யார் என்று கேட்டால் அதே தம்பி. வேண்டாம் என்றேன். சூப்பர்வைசர் லைனுக்கு வந்து, அவர் எங்கள் ஊழியர் இல்லை, லோக்கல் பார்ட்னரின் ஆள் என்றார். பில் இவர்கள் பெயரில் வருகிறது, வீட்டுக்குள் வருகிறவர் மட்டும் இவர்கள் ஆள் இல்லையாம். கடைசியில் பாஸ்வேர்டு மாற்ற ஏதாவது கட்டணம் உண்டா என்று நேராகக் கேட்டேன். கிடையாது, எங்கள் ஆப்பிலேயே நீங்கள் மாற்றிக்கொள்ளலாம் என்றார். பல கம்பெனி ஆப்களில் இந்த வசதி இருக்கிறது. முதலில் அங்கே தேடிப் பாருங்கள். ஆனால் எங்கள் ஆப்பில் முதல் பெயரை மட்டும்தான் மாற்ற முடிந்தது, இரண்டாவது பெயர் கண்ணிலேயே படவில்லை.

அட்மின் கணக்கு நம் கைக்கு வராமல் அந்த இரண்டாவது வரியை எடுக்க வழியில்லை. மிச்சம் இருந்தது ரீசெட் மட்டும். இங்கே கொஞ்சம் கவனம். ரௌட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், அதை அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து புதுப் பெட்டிபோல ஆகிவிடும். ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் நம் கனெக்‌ஷனுக்கான யூசர் ஐடி, பாஸ்வேர்டு, விலான் நம்பர் (கம்பெனி தன் நெட்வொர்க்கில் இணைப்பைப் பிரித்தறிய வைக்கும் எண்) மூன்றும் கூடவே அழிந்துபோகும். அதைத் திரும்பப் போடாமல் நெட் வராது. 'தொட்டா லைன் போயிடும்' என்று தம்பி பயமுறுத்தியதில் இருந்த உண்மை இவ்வளவுதான். அண்ணன் மகன் முதலில் ரௌட்டருக்குள் இந்த விவரங்கள் இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்தான். அதில் யூசர் ஐடியும் விலான் நம்பரும் தெரிந்தன, பாஸ்வேர்டு மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தது. அதைக் கேட்டு ஆபீஸுக்கு மூன்று முறை பேசினேன். மூன்றாவது முறை, பதிவு செய்த என் நம்பருக்கே மெசேஜில் அனுப்பினார்கள். இது உங்கள் இணைப்பின் விவரம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கனெக்‌ஷன் வாங்கும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டால் இந்த அலைச்சலே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தோம். ஊக்கை நிமிர்த்தி, துளையில் பத்து விநாடி அழுத்திப் பிடித்தான். எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து ஒவ்வொன்றாக வந்தது. இன்டர்நெட் விளக்கு மட்டும் வரவில்லை. ஸ்டிக்கரில் இருந்த அட்மின் பாஸ்வேர்டு இப்போது திறந்தது. போட்டோவைப் பார்த்து ஐடியையும் விலான் நம்பரையும், மெசேஜைப் பார்த்து பாஸ்வேர்டையும் போட்டோம். அரை நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நான் சாமிக்கு நன்றி சொன்னேன்.

அடுத்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றினோம். இதை மாற்றாமல் வைஃபை பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் வீண், அட்மின் தெரிந்தவர் உள்ளே வந்து புதியதைப் பார்த்துவிட்டுப் போகலாம். இரண்டும் வேறு வேறு என்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. பிறகு வைஃபை பக்கத்தில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளையும் தனித்தனியாகத் திறந்து, நாங்கள் வைக்காத பெயர் எதுவும் இயங்கவில்லை என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 வைத்தோம். புதிய ரௌட்டர்களில் டபிள்யூபிஏ3 இருக்கும், இருந்தால் அதுவே மேல். பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். நாங்கள் தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து 22 எழுத்தில் வைத்தோம், போன் நம்பர் வாசனையே இல்லாமல். டபிள்யூபிஎஸ் என்று, பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனையோ பின் நம்பரையோ வைத்து இணையும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணைத்தோம். அதன் எட்டு இலக்கப் பின் நம்பரை அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011லேயே வெளிவந்துவிட்டது. வெளியிலிருந்து ரௌட்டருக்குள் வரும் ரிமோட் வசதியும் இயங்கிக்கொண்டிருந்தது, அதையும் மூடினோம்.

மாற்றியதும் வீட்டிலுள்ள எல்லாக் கருவியும் இணைப்பை விடும். பதற வேண்டாம். போனில் பழைய வைஃபையை மறக்கச் செய்துவிட்டுப் புது பாஸ்வேர்டைப் போட்டால் சரி. டிவியில் ரிமோட்டை வைத்து 22 எழுத்து அடிக்கத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தம்பி இரண்டு நாள் கழித்து வாசலில் வந்து நின்றார். பையன்கள் நெட் வரவில்லை என்று சொல்லியிருப்பார்கள். "அது டெஸ்டிங்குக்குப் போட்டதுக்கா, எடுக்க மறந்துட்டேன்" என்றார். "டெஸ்டிங்குக்கா மாசம் 600 வாங்குனீங்க?" என்றேன். பதில் இல்லை. என் 900 ரூபாயைக் கேட்டேன். ஆபீஸில் கேளுங்கள் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டண விவரம், பணம் அனுப்பிய பதிவுகள், இணைந்திருந்த கருவிகளின் பட்டியலை எடுத்த போட்டோ எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேச முடிந்தது. புகார் எண் வந்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. உங்கள் இணைப்பை வைத்து யாராவது பண மோசடி செய்ததாகத் தெரிந்தால் அது 1930க்குப் போக வேண்டிய விஷயம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

எங்கள் தெருவில் இன்னும் ஆறு வீடுகளுக்கு அதே தம்பிதான் கனெக்‌ஷன் போட்டார். நேற்று எதிர்வீட்டு மாமி கூப்பிட்டதால் போய், 192.168.1.1 அடித்து உள்ளே பார்த்தேன். அங்கேயும் இரண்டாவது வரியில் வெறும் எண்களாக ஒரு பெயர் இருந்தது. மாமி ஆபீஸுக்குப் போன் போட்டுக் காத்திருக்கிறார். மீதி ஐந்து வீட்டுக்கும் இன்றைக்குச் சாயந்தரம் போகிறேன்.